டில்லியிலிருந்து சென்னைக்கு எத்தனை தூரம்? எத்தனை நேரம்?

இந்த ஆண்டு நம் சங்கப் பொங்கல் விழாவில் குழந்தைகளுக்கான பொது அறிவுப் போட்டியை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. "டில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்பது அதில் ஒரு கேள்வி. மிகவும் எளிய கேள்வி என்று எண்ணித்தான் சேர்த்திருந்தேன்.

ஒரு சிறுமி "2,182 கிலோமீட்டர்" என்றாள். அடுத்து ஒரு பையன் "1,760 கிலோமீட்டர்" என்றான். மூன்றாவதாக ஒரு குட்டிப் பையன் எழுந்து, "ரெண்டே முக்கால் மணி நேரம் தாத்தா!" என்றான். அரங்கமே சிரித்தது. நான் மூவருக்கும் பரிசு கொடுத்துவிட்டேன்.

விழா முடிந்ததும் பெற்றோர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சார், ஒரு கேள்விக்கு மூணு விடை எப்படிச் சரியாகும்?" என்று கேட்டார்கள். மூன்றும் சரியே. எது எந்த இடத்தில் சரி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 39 ஆண்டுகள் கிலோமீட்டர் கற்களோடு பழகியவன் நான். ஆனாலும் இந்த வேறுபாட்டை ஒரு நாள் மறந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

முதல் தூரம்: நேர்கோடு

பூமி உருண்டை. அதன் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறைந்த தூரத்தைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் நூலை வைத்து இழுத்துப் பிடித்தால் அந்த நூல் எந்த வழியில் நிற்கிறதோ அதுதான் பெருவட்டப் பாதை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் போதும். டில்லி விமான நிலையம் 28.56 பாகை வட அட்சரேகையிலும் 77.10 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. சென்னை விமான நிலையம் 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். இது இப்படி முழு எண்ணாக அமைந்தது தற்செயல் அல்ல. 1790களில் பிரான்சு நாட்டில் மீட்டர் என்ற அளவை வகுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கைத்தான் ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். ஆகவே கால் சுற்று 10,000 கிலோமீட்டர், முழுச் சுற்று 40,000 கிலோமீட்டர். இதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வருகிறது.

இனிக் கணக்கைப் போடுவோம். வடக்கு தெற்காக வித்தியாசம் 15.57 பாகை. அதை 111ஆல் பெருக்கினால் 1,728 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக வித்தியாசம் 3.07 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கி வருவதால், இந்தத் திசையில் ஒரு பாகைக்கு முழு 111 கிலோமீட்டர் கிடைக்காது. டில்லிக்கும் சென்னைக்கும் நடுவில் உள்ள அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 104 கிலோமீட்டர்தான். ஆக 319 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்துக் கர்ணத்தைக் கண்டால் 1,757 வரும். அந்தப் பையன் சொன்ன 1,760க்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சென்னை டில்லிக்கு நேர் தெற்கே இல்லாமல் 319 கிலோமீட்டர் கிழக்கே தள்ளியிருக்கிறது. ஆனால் அதனால் தூரம் கூடியது வெறும் 29 கிலோமீட்டர்தான். இன்னொரு சந்தேகமும் குழந்தைகள் கேட்பார்கள்: "விமானம் அவ்வளவு உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?" கூடும். 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தால் இந்தப் பயணத்தில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் கூடும். அவ்வளவுதான்.

ஒரு பாகைக்கு எத்தனை தூரம் என்பதைத் தரையில் சங்கிலி போட்டு அளந்து பார்த்த வேலை இந்தியாவில் நம் சென்னையில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். அந்த ஒரு கோட்டை அளக்க 57 நாட்கள் ஆயின. அதை அடிப்படையாக வைத்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, 78ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி நாட்டையே அளந்தார்கள். லாம்டன் வேலை முடியுமுன்பே 1823இல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் காலமானார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாக்பூரைத் தாண்டித் தெற்கே வரும்போது இந்த ஊர் வழியாகத்தான் வருகிறது. சென்னையில் விமானம் இறங்கும்போதும் பரங்கிமலை பக்கத்திலேயே தெரியும். அடுத்த முறை இவ்விரண்டு இடங்களையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டாவது தூரம்: தண்டவாளம்

புது டில்லியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதையில் 2,182 கிலோமீட்டர். சிறுமி சொன்ன விடை இதுதான். நேர்கோட்டைவிட இது 422 கிலோமீட்டர் அதிகம். அதாவது 1.24 மடங்கு.

ஏன் இவ்வளவு கூடுகிறது? ரயில் வண்டியால் மேடேற முடியாது என்பதே முதல் காரணம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் மிகக் குறைவு. நூறு மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயர்ந்தாலே எங்களுக்கு அது கடுமையான ஏற்றம். ஆகவே மலையைக் கண்டால் பாதை வளைந்து வளைந்து, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்கும். இடார்சிக்கும் பேதூலுக்கும் இடையே சாத்பூரா மலையில் போகும்போது ஜன்னலோரம் அமர்ந்து பாருங்கள், புரியும்.

இரண்டாவது காரணம் ஆறுகள். சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகளை எல்லாம் இந்தப் பாதை கடக்கிறது. ஆற்றை நினைத்த இடத்தில் கடக்க முடியாது. கரை உறுதியாகவும் அகலம் குறைவாகவும் உள்ள இடத்தைத் தேடிப் பாதை போக வேண்டும்.

மூன்றாவது காரணம் ஊர்கள். ரயில் என்பது இரண்டு ஊர்களுக்கு மட்டும் ஓடுவது அல்ல. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா எல்லோருக்கும் அது வேண்டும். நேர்கோட்டில் போனால் இவர்களில் பாதிப் பேருக்கு ரயில் இல்லை.

மற்றப் பாதைகளையும் பார்ப்போம். ஹௌராவிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர், நேர்கோட்டில் ஏறத்தாழ 1,385. மடங்கு 1.20. புது டில்லியிலிருந்து மும்பை சென்ட்ரலுக்கு ரயிலில் ஏறத்தாழ 1,385, நேர்கோட்டில் ஏறத்தாழ 1,140. மடங்கு 1.21. இதிலிருந்து நம் வசதிக்கு ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது. நீண்ட ரயில் பாதையின் தூரத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். மீதி கிட்டத்தட்ட வான்வழித் தூரம். மனக்கணக்குக்கு இது போதும்.

விமானம் ஏன் இரண்டே முக்கால் மணி எடுக்கிறது?

இனி மூன்றாவது பையனின் விடைக்கு வருவோம். உள்நாட்டில் பறக்கும் ஜெட் விமானம் உயரே சென்று நிலைபெற்றபின் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 1,760ஐ 830ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம் வருகிறது. ஆனால் கால அட்டவணையில் 2 மணி 45 நிமிடம், சிலவற்றில் 2 மணி 50, 55 என்றுகூடப் போட்டிருக்கிறது. பாக்கி 40 நிமிடம் எங்கே போயிற்று?

விமானக் கம்பெனிகள் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. புறப்படும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுப்பது முதல், சேரும் இடத்தில் மறுபடி கட்டையை வைப்பது வரை உள்ள நேரம். இதைப் 'பிளாக் டைம்' என்பார்கள். எங்கள் ரயில்வேயிலும் பிளாக் என்று ஒன்று உண்டு. பராமரிப்பு வேலைக்காக ஒரு பாதையில் வண்டிகளை நிறுத்தி வைப்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் போட்ட மதிப்பீடு இது:

டில்லி போன்ற பெரிய விமான நிலையத்தில் தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்கு வந்து, வரிசையில் நின்று கிளம்ப: 15 நிமிடம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. இதனால் நட்டம்: 12 நிமிடம்.

விமானமும் நேர்கோட்டில் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, பிறகுதான் திரும்ப வேண்டும். வான்வழிச் சாலைகள், தடை செய்யப்பட்ட பகுதிகள், மழை மேகங்கள் இவற்றையெல்லாம் அனுசரித்துப் போக வேண்டும். இதற்கு: 6 நிமிடம்.

சென்னையில் இறங்கி ஊர்ந்து நிலையத்தை அடைய: 7 நிமிடம்.

கூட்டினால் 40 நிமிடம். 2 மணி 7 நிமிடத்தோடு சேர்த்தால் 2 மணி 47 நிமிடம். கணக்குச் சரியாகிவிட்டது.

வான்வழித் தூரத்தை 830ஆல் வகுத்து 40 நிமிடம் சேர்த்தால் போதும் என்ற இன்னொரு குறுக்கு வழியும் இதில் கிடைக்கிறது. டில்லியிலிருந்து கொல்கத்தா ஏறத்தாழ 1,310 கிலோமீட்டர். வகுத்தால் 95 நிமிடம். கூட 40. ஆக 2 மணி 15 நிமிடம். அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதிகம் தப்பாது.

காற்று செய்யும் வேலை

டில்லியிலிருந்து கொல்கத்தா போகும்போது குறைந்த நேரமும், திரும்பும்போது கூடுதல் நேரமும் ஆவதைக் குளிர்காலத்தில் பயணம் செய்தவர்கள் கவனித்திருக்கலாம். பூமி சுற்றுவதால் ஊர் நம்மை நோக்கி வருகிறது அல்லது விலகுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. உண்மையான காரணம், குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று. இதை ஜெட் காற்றோட்டம் என்பார்கள்.

காவிரியில் பரிசல் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தோடு போனால் வேகம் கூடும், எதிர்த்துப் போனால் குறையும். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். கொல்கத்தாவுக்குப் போகும்போது தரைக்கு மேல் வேகம் 980 ஆகிறது. 1,310 கிலோமீட்டருக்கு 80 நிமிடம். திரும்பும்போது வேகம் 680தான். 116 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் ஒவ்வொரு வழிக்கும் 95 நிமிடம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். போகும்போது லாபம் 15 நிமிடம். வரும்போது நட்டம் 21 நிமிடம். இரண்டும் சமமாகக் கழிந்துவிடும் என்று நினைத்தால் தவறு. எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம் என்பதால் நட்டமே அதிகம். வாழ்க்கையிலும் பெரும்பாலும் இப்படித்தான்!

டில்லி சென்னைப் பயணம் பெரும்பாலும் வடக்கு தெற்காக இருப்பதால் இந்தக் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கிறது. ஆகவே போக வர நேர வித்தியாசம் குறைவு.

வீட்டிலிருந்து வீட்டுக்கு

இதுவரை சொன்னது விமானத்தின் கணக்கு. நம் கணக்கு வேறு. நாம் விமான நிலையத்தில் குடியிருக்கவில்லை. நம்மை எதிர்பார்ப்பவர்களும் விமான நிலையத்தில் இல்லை.

என் சொந்த ஊர் கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமம். டில்லி வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர இன்றைக்கு ஆகும் நேரத்தைப் பார்ப்போம்.

வீட்டிலிருந்து விமான நிலையம்: 1 மணி 15 நிமிடம்.
முன்கூட்டியே போய்ச் சோதனை முடித்துக் காத்திருத்தல்: 2 மணி.
விமானம்: 2 மணி 50 நிமிடம்.
இறங்கிப் பெட்டி எடுத்து வண்டி பிடித்தல்: 45 நிமிடம்.
ஏறத்தாழ 270 கிலோமீட்டர் சாலைப் பயணம்: 5 மணி 30 நிமிடம்.
வழியில் சாப்பாடு: 30 நிமிடம்.

மொத்தம் 12 மணி 50 நிமிடம். இதில் விமானத்தின் பங்கு நான்கில் ஒன்றுகூட இல்லை! ஆனால் யாராவது கேட்டால் நாம் எதைச் சொல்கிறோம்? "ரெண்டே முக்கால் மணி நேரம்தான், வந்துடுவேன்" என்கிறோம். நானும் அதைத்தான் சொன்னேன்.

2006 ஜனவரி

1981இல் என் தந்தையார் காலமானபோது நான் ஜான்சிப் பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷனில் வேலையில் இருந்தேன். தந்தி மதியம் கைக்கு வந்தது. அன்றிரவு ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்து, மதராஸ் போய், எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி ஏறி, மூன்றாம் நாள் காலை ஊர் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பா முன்னின்று செய்துவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வர முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

2006 ஜனவரியில் ஒரு நாள் இரவு 11 மணிக்குத் தம்பி போன் செய்தான். அம்மா போய்விட்டாள். "அண்ணே, நீங்க எப்ப வந்து சேருவீங்க? அதை வச்சுதான் மத்த ஏற்பாடு" என்றான்.

அப்போது நான் டில்லியில் இருந்தேன். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். காலை ஆறரைக்கு விமானம். 2 மணி 45 நிமிடம். ஒன்பதேகாலுக்குச் சென்னை. காரில் ஐந்து மணி நேரம். கூட ஒரு கால் மணி. "ரெண்டரைக்கு வந்துடுவேன்டா. எனக்காக வச்சிரு" என்றேன். மூத்தவன் நான். நான்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

மறுநாள் காலை டில்லியில் மூடுபனி. விமான நிலையத்தில் அரை மணி தாமதம் என்றார்கள். தம்பிக்குப் போன் செய்து மூன்று மணி என்றேன். மீண்டும் அரை மணி என்றார்கள். மூன்றரை என்றேன். இப்படியே தள்ளித் தள்ளி விமானம் கிளம்பியபோது மணி 9:10. சென்னையில் கார் ஏறியபோது பன்னிரண்டரை. அந்நாளில் அந்தச் சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் போவதே பெரிது.

ஊரில் சாவு விழுந்த தெருவில் எடுக்கும் வரை அடுப்பு எரியாது. இது உங்களுக்குத் தெரியும். இரண்டரைக்கு எடுத்துவிடுவார்கள் என்று நம்பித் தெருவே பட்டினியாக இருந்தது. குழந்தைகள் இருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரச் சித்தி இருந்தாள். பொழுது சாய்ந்தால் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். தம்பி யாருக்கும் பதில் சொல்ல முடியாமல் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருந்தானாம்.

மாலை ஐந்தேகாலுக்குப் போன் செய்தான். நான் நெய்வேலியைத் தாண்டியிருந்தேன். இன்னும் ஒன்றரை மணி நேரம். அப்போதுதான் முதல் முறையாகச் சரியான எண்ணைச் சொன்னேன். "ஆறே முக்கால் ஆகும்டா. நீயே செஞ்சிடு" என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "ரெண்டரைன்னு சொன்னீங்களே அண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள்.

பிறகு பலமுறை அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். மூடுபனியே இல்லாவிட்டாலும் நான் நான்கு மணிக்குத்தான் போயிருக்க முடியும். சென்னையில் இறங்கி வெளியே வரும் அரை மணியை நான் சேர்க்கவில்லை. சாலைக்கு ஐந்து மணி என்று ஆசைக்குப் போட்டேன். ஆக ஒன்றரை மணி நேரம் என் பிழை. பாக்கி இரண்டே முக்கால் மணி மூடுபனியால் வந்தது. ஆனால் ஜனவரியில் டில்லியில் விடியற்காலை மூடுபனி இருக்கும் என்பது, பனியில் தண்டவாளத்தில் நடந்து பழகிய எனக்குத் தெரியாததா? அதுவும் என் பிழைதான்.

பராமரிப்புக்காகப் பிளாக் எடுப்போம் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு நாங்கள் இரண்டு மணி மட்டும் கேட்க மாட்டோம். ஒரு போல்ட் துருப்பிடித்திருக்கும், ஓர் ஆள் வரத் தாமதமாகும் என்று கூட அரை மணி வைத்துத்தான் கேட்போம். கேட்ட நேரத்துக்கு மேல் போனால், பின்னால் வண்டிகள் வரிசையாக நிற்கும், அவற்றில் ஆயிரக்கணக்கான மக்கள் இருப்பார்கள். வேலையில் ஒரு நாளும் மறக்காத பாடத்தை அன்றிரவு வீட்டில் மறந்தேன்.

இரண்டு எண்கள் சொல்லுங்கள்

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். யாராவது நமக்காகக் காத்திருக்கும் பயணத்தில் ஒரே ஒரு நேரத்தைச் சொல்லாதீர்கள். இரண்டு நேரம் சொல்லுங்கள். ஒன்று, எல்லாம் ஒழுங்காக நடந்தால் வந்து சேரும் நேரம். மற்றொன்று, அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்னும் நேரம். முதல் எண் நம் ஆசை. இரண்டாவது எண் அவர்களுடைய உரிமை.

இரண்டாவது எண்ணைப் போட நான் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆகும் மொத்த நேரத்தைத் துண்டு துண்டாக எழுதுகிறேன். ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் அரை மணி சேர்க்கிறேன். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை டில்லியில் காலை விமானம் என்றால் மேலும் மூன்று மணி சேர்க்கிறேன்.

மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட குளிர்கால இரவில் தரை குளிர்ந்து, காற்று அசையாமல் நின்று, ஈரம் நிறைந்திருக்கும்போது இது உண்டாகிறது. பெரும்பாலும் விடியலை ஒட்டி மிக அடர்த்தியாக இருந்து, வெயில் ஏறினால் விலகும். டில்லியில் குறைந்த பார்வைத் தூரத்திலும் விமானத்தை இறக்கும் கருவிகள் உள்ளன. ஆனால் விமானத்திலும் அதற்குரிய கருவி வேண்டும், விமானிக்கும் அதற்கான பயிற்சி வேண்டும். ஒரு விமானம் தாமதமானால் அதே விமானம் போக வேண்டிய அடுத்தடுத்த ஊர்களுக்கும் தாமதம் தொடரும். ஆகவே அந்த ஒன்றரை மாதத்தில் அவசரம் இல்லாத பயணத்துக்குப் பிற்பகல் விமானமே நல்லது.

குழந்தைகளுக்குப் பயிற்சி

1. மும்பை விமான நிலையம் 19.09 பாகை வடக்கு, 72.87 பாகை கிழக்கு. டில்லியிலிருந்து நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு? (இங்கே கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு 101.6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்க.)

2. மேலே கண்ட தூரத்துக்கு விமான நேரம் எவ்வளவு இருக்கும்?

3. உங்கள் வீட்டிலிருந்து தாத்தா பாட்டி வீட்டுக்குப் போக ஆகும் நேரத்தைத் துண்டு துண்டாக எழுதிக் கூட்டுக. அதில் விமானத்திலோ ரயிலிலோ இருக்கும் நேரம் எத்தனை பங்கு?

விடைகள்: முதல் கேள்விக்கு ஏறத்தாழ 1,135 கிலோமீட்டர். இரண்டாவதற்கு ஏறத்தாழ 2 மணி 2 நிமிடம். அட்டவணையில் இன்னும் சில நிமிடங்கள் கூடவே இருக்கும். அது அவர்கள் சேர்த்துக்கொள்ளும் எச்சரிக்கை நேரம். மூன்றாவது கேள்விக்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் தாத்தா பாட்டிக்குப் போன் செய்து சொல்லுங்கள். மறக்காமல் இரண்டு எண்களாகச் சொல்லுங்கள்.